டாக்டர் எழுதித் தரும் காய்கறிச் சீட்டு

மாடியில் மருத்துவமனை, கீழே சந்தை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரில், குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் தாயின் கையில் இன்னொரு சீட்டும் இருக்கும். 15 டாலர் மதிப்புள்ள அந்தச் சீட்டுக்குக் காய்கறியும் பழமும்தான் கிடைக்கும். வாங்க அலைய வேண்டியதில்லை. குழந்தைகள் மருத்துவ மையமே 2015 முதல் உழவர் சந்தைக் கட்டடத்தின் மாடியில் இயங்குகிறது. பேருந்து நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஈயத்துக்கு எதிராகச் சாப்பாடு

ஃப்ளின்ட் நகருக்கு இது ஏன் இவ்வளவு அவசியம்? 2014-ல் செலவைக் குறைப்பதற்காக ஆற்றுநீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மறுவருடம் ஆதாரத்தோடு வெளியிட்டவர் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா.

ஈயம் பிஞ்சு மூளையைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பை நீக்க மருந்து இல்லை. ஆனால், உள்ளே போன ஈயத்தில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதில் சாப்பாட்டுக்கும் பங்குண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வெறும் வயிறும் அப்படியே. கீரை, பயறு, பால் ஆகியவற்றோடு, இரும்புச்சத்து உடலில் சேர உதவும் வைட்டமின் சி நிறைந்த பழங்களும் வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். சுத்தமான குடிநீருக்கு இவை ஒருபோதும் மாற்றாகாது. குழாயை மாற்றுவது அரசின் கடமை.

ஒரு டாலருக்கு இன்னொரு டாலர்

'காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்' என்பது ஏழைத் தாய்க்குத் தெரியாத சேதி அல்ல. கையிலிருக்கும் காசுக்கு வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் அவள் கவலை. ஆசையாய் வாங்கிய காய்கறியைப் பிள்ளை தொடாமல் விட்டால், அந்தக் காசு போனதுதான். தைரியமாக ஒன்றை வாங்கிப் பார்க்க, இழந்தாலும் தாங்கக்கூடிய பணம் வேண்டும்.

2009-ல் டெட்ராய்ட் சந்தைகளில் தொடங்கிய 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' திட்டம் இதைத்தான் தருகிறது. 'ஸ்னாப்' என்ற அரசு உணவு உதவி அட்டையில் ஒரு டாலர் செலவழித்தால், காய்கறி, பழம் வாங்க இன்னொரு டாலர் கிடைக்கும். விவசாயிக்கு முழு விலையும் வந்துவிடும். 2014 வேளாண் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய திட்டங்களுக்கு மத்திய அரசும் நிதி தருகிறது.

பலன் உண்டா? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011-12-ல் ஸ்னாப் பெறும் குடும்பங்களிடையே இதுபோன்ற ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். காய், பழத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தந்ததற்கே, அதைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நாளுக்குக் கால் கோப்பை அதிகம் சாப்பிட்டார்கள்.

அட்டை வந்தபோது

அரசு உணவு உதவி முன்பு காகிதக் கூப்பன்களாக வந்தது. அவை மின்னணு அட்டையாக மாறியபோது பல சந்தைகள் ஏழைகளை இழந்தன. அட்டை இயந்திரத்துக்கு வேண்டிய மின்சாரமோ தொலைபேசி இணைப்போ திறந்தவெளிக் கடையில் ஏது? இப்போது பல சந்தைகளில் ஒரு பொது மேசையில் அட்டையைத் தேய்த்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்.

நிதி நிற்கும்போது

இத்திட்டங்களின் பெரிய பலவீனம் நிலையில்லாத நிதி. காய்கறி, பழம் வாங்க மாசசூசெட்ஸ் மாநிலம் தரும் ஊக்கத்தொகை குடும்ப அளவைப் பொறுத்து மாதம் 40 முதல் 80 டாலர் வரை இருந்தது. 2024 டிசம்பரில் எல்லோருக்கும் 20 டாலராகக் குறைந்தது. அதை நம்பித்தான் பிள்ளைகளின் தட்டு மாறியது, விவசாயிகளும் பயிரிட்டார்கள். தடுப்பூசிக்கு ஒதுக்குவதைப்போல இதற்கும் ஆண்டுதோறும் உறுதியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.