சிரட்டையில் ஓர் ஒளிநார் விளக்கு

பளையில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. தேங்காய் துருவியதும் அடுப்புக்குப் போகிறவற்றில் கண்ணுள்ள பாதி ஒன்றை எடுத்துவையுங்கள். மெல்லிய கண்ணைக் குத்தித் திறந்து கவிழ்த்துவிட்டால் ஒளிநார் விளக்குக்குப் பாதம் ஆயத்தம். உள்ளே பற்றரியும் எல்.ஈ.டியும் இருக்கும், கண்ணின் ஊடாக முப்பது பிளாஸ்ரிக் நார்கள் மேலெழும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம். வன்னியில் குப்பி விளக்கில் படித்த தலைமுறைக்கு இது வியப்பாக இருக்கும்: நுனியைக் குழந்தை பிடித்தாலும் சுடாது.

உயர்தர வகுப்பில் முழுவுட்டெறிப்பைப் படம் கீறிப் படிக்கிறோம், கணக்குச் செய்து புள்ளியும் எடுக்கிறோம். அதைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாரின் உள்ளீடு அக்ரிலிக், முறிவுச்சுட்டி 1.49. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் சுட்டி ஏறத்தாழ 1.40. இந்தச் சிறு வித்தியாசம் போதும். அவதிக்கோணம் 70 பாகை ஆகிறது. செவ்வனுடன் அதைவிடப் பெரிய கோணத்தில் உறையில் படும் ஒளி முழுவதும் உள்ளேயே தெறிக்கும். நாரைச் சடாரென மடித்தால் கோணம் குறைந்து அந்த மடிப்பிலேயே ஒளி கசிந்துவிடும். ஆகவே வளையுங்கள், மடிக்காதீர்கள்.

காற்றின் சுட்டி 1தானே, உறை எதற்கு? வெறும் நாரும் ஒளியைக் கடத்தும். ஆனால் விரல் எண்ணெய் பட்டாலோ பக்கத்து நார் உரசினாலோ ஒளி வெளியே ஓடிவிடும். 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவரது ஆசிரியர் ஹரோல்ட் ஹொப்கின்ஸும் நார்க்கற்றையால் படத்தைக் கடத்தியதை எழுதினார்கள். நாருக்கு உறையிடும் யோசனையை நெதர்லாந்தின் வான் ஹீல் எழுதியதும் அதே இதழில்தான். இன்றைய நார் இரண்டு யோசனைகளுக்கும் கடன்பட்டது.

செய்முறைக்கு வருவோம். 0.75 மில்லிமீற்றர் நார்கள் முப்பதைச் சேர்த்தால் கற்றையின் தடிப்பு 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டியின் அளவுக்கு வரும். மூன்று சிறிய பற்றரிகள் 4.5 வோல்ற்று தரும்; வெள்ளை எல்.ஈ.டிக்கு 3 வோல்ற்றளவு போதும். மிகுதியைத் தாங்க 100 ஓம் தடையி ஒன்றைத் தொடரில் இணைத்துவிடுங்கள்.

விளக்கின் உயிர் கற்றையின் அடிமுகத்தில் இருக்கிறது. கத்தரிக்கோல் நாரை நசுக்கி வெளிறச் செய்யும். கற்றையை ரேப்பால் இறுக்கிச் சுற்றி, பலகையில் வைத்து, புதிய பிளேட்டால் நேராக அழுத்தி வெட்டுங்கள். பிறகு 600 இலக்க அரத்தாளில் இரண்டு துளி நீர் விட்டு, முகத்தை 8 வடிவில் தேயுங்கள், அடுத்து 1000. முதலில் பால்போலத் தெரியும் முகம் மெல்ல மெல்லத் தெளியும். அவசரப்பட வேண்டாம், இங்கே சொரசொரப்பு மிஞ்சினால் ஒளியின் பெரும்பங்கு நாருக்குள் நுழையாமலே சிதறிவிடும். சுப்பர் குளூவும் வேண்டாம். அதன் ஆவி முகத்தில் வெள்ளையாகப் படியும். கற்றையையும் எல்.ஈ.டியையும் முகத்தோடு முகம் வைத்து, வெளியே ரேப் சுற்றினால் போதும்.

மேல்நுனிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள். எரியவிட்ட பின் ஓரிரு நார்களின் பக்கத்தை ஊசியால் மெல்லக் கீறிப் பாருங்கள்: உறை போன அந்த இடத்திலும் ஒரு புள்ளி ஒளிரும்.