கழிவுக்கு விலை வைத்த சட்டம்

மலேசியாவின் லாயாங் லாயாங்கிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அருகிலுள்ள ஊலு ரெமிஸ் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட தாய்மர வழியை, ஆய்வாளர்கள் இன்றும் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். ஊருக்குச் சோறு போட்ட இந்தப் பயிர்தான் ஒரு காலத்தில் ஆறுகளுக்கு எமனாகவும் இருந்தது.

ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் வரும். குலைகளை நீராவியில் அவித்துப் பிழிந்தபின் எஞ்சும் அந்தக் கொழகொழப்பான பழுப்பு நீர் ஆலையை விட்டுச் சூடாகவே வெளியேறும். அதில் நஞ்சு இல்லை. ஆனால், அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். 1970-களில் மலேசிய ஆறுகள் பலவற்றின் நிலை இதுதான்.

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. உரிமம் இல்லாமல் ஆலை ஓடக்கூடாது. வெளியேற்றும் மாசின் எடைக்கு ஏற்பக் கட்டணம். வரம்பை மீறினால் கூடுதல் கட்டணம். ஆக்சிஜனை உறிஞ்சும் மாசுக்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என வரம்பு வைத்தார்கள். படிப்படியாக அதை இறுக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள்.

ஆலைகளுக்கு அவகாசமும் கிடைத்தது, தப்பிக்க முடியாத நெருக்கடியும் இருந்தது. வரிசையாகக் குளங்கள் வெட்டினார்கள். முதல் குளத்தில் பழுப்பு நுரை கட்டிக் குமிழி விடும். கடைசிக் குளத்துக்கு வரும்போது நீர் பாசிப் பச்சையாகியிருக்கும். நாடு முழுவதும் 1978-இல் நாளொன்றுக்கு 222 டன்னாக இருந்த மாசுச் சுமை, 1980-இல் 58 டன்னாகக் குறைந்தது. எண்ணெய் உற்பத்தி குறையவில்லை.

ஆலைக்குக் காட்டிய இந்தக் கண்டிப்பு குப்பைமேட்டுக்கு ஏன் இல்லை?

லாயாங் லாயாங் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றத்துக்கு உட்பட்டது. சிம்பாங் ரெங்கம் குப்பைமேட்டில் ஊறிய கழிவுநீர் பெனுட் ஆற்றில் கலந்து, அம்மோனியா ஏறியதால், 2019-இல் நீர் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை நிறுத்தப்பட்டது. குடிநீருக்கு எடுக்கும் ஆற்றுநீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால், கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை அம்மோனியாவே தின்றுவிடும். வீட்டுக் குழாய்கள் வறண்டன; மக்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

உணவகத்தின் மீதும் சட்டம் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. உணவகக்காரர் தம் பணியாளர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டாக வேண்டும். சமையலறை அசுத்தமாக இருந்தால் 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி 14 நாள்வரை கடையை மூடலாம். இது நியாயமான சட்டம். சாப்பிடுகிறவர் உயிர் அதில் இருக்கிறது. ஆனால், குழாயில் தண்ணீர் வராமல் அதே கடை மூடிக் கிடந்தால், அந்த நாள்களின் கூலியும் வாடகையும் கடைக்காரர் தலையில்தான் விழுகின்றன.

2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சவரம்பு 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், அபராதம் என்பது ஆறு கெட்ட பிறகு வருவது. 1977 விதிகள் கழிவு வெளியேறும் வாசலிலேயே அளந்தன. குப்பைமேடுகளிலிருந்து வழியும் நீரையும் அப்படியே அளந்து, அந்த அளவீட்டை மாதந்தோறும் மாவட்ட மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.