ஓர் எண்ணிலிருந்து ஓர் உலகம் எப்படிப் பிறக்கிறது?

கனசதுரக் கட்டிகளால் ஆன மெய்நிகர் விளையாட்டு உலகங்களை உருவாக்க உதவும் திறமூல மென்பொருள் லுவான்டி. ஃபின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 2024இல் பெயர் மாறியது.

இதன் உலகம் பக்கத்துக்கு ஏறத்தாழ 62,000 கட்டிகள் வரை நீளும். அத்தனையும் வீட்டுக் கணினியில் எப்படி அடங்கும்? அடங்குவதில்லை, அடங்கத் தேவையுமில்லை. ஆடுபவர் நெருங்கும்போதுதான் நிலம் கணக்கிடப்படுகிறது. ‘விதை’ எனப்படும் எண்ணைக் கொண்டு, மதிப்பு இரைச்சல் (value noise) என்ற கணிதமுறை ஒவ்வோர் இடத்துக்கும் நிலத்தின் வடிவைத் தீர்மானிக்கும் ஒரு மதிப்பைத் தருகிறது. பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் மெல்லவே மாறுவதால் குன்றுகள் இயல்பாகச் சரிந்து இறங்குகின்றன. வெறுமனே பகடை உருட்டியிருந்தால் ஊசிமுனைக் காடுதான் மிஞ்சியிருக்கும். விதையும் பதிப்பும் அமைப்புகளும் ஒன்றானால், எந்தக் கணினியிலும் அதே மலை அதே இடத்தில் எழும்.

உருவான நிலம் 16×16×16 கட்டிகள் கொண்ட தொகுதிகளாகத் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. ஆகவே வட்டில் இடம்பிடிப்பது சுற்றிப் பார்த்த பகுதிகளும் அவற்றை ஒட்டிய நிலமும் மட்டுமே.

புதிய மரம், விலங்கு, கருவி எதுவானாலும் லுவா மொழியில் எழுதிச் சேர்க்கலாம். ஒரு புதுக் கட்டிக்குச் சில வரிகளே போதும். உள்ளிருக்கும் சி++ நிரலைத் தொட வேண்டியதில்லை.