நோட்டில் எழுதினால் மனபாரம் குறையுமா?

‘‘தூக்கத்துக்கு ஏதாவது சூரணம் குடுங்க டாக்டர்...’’ என்றபடி வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. வயது ஐம்பத்தெட்டு. கணவர் காலமாகி ஒன்றரை வருடம். மூத்த மகன் பிரான்சில் (எங்கள் காரைக்கால் வட்டாரத்தில் இது சகஜம்தானே!). இளைய மகன் குடும்பத்தோடு வரிச்சிக்குடியில் இருக்கிறார்.

நாடி பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். பசியில்லை, திடீர் திடீரென்று அழுகை... சூரணத்தோடு தீரும் விஷயமாகத் தெரியவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். அவர் மாத்திரை கொடுத்து, கவுன்சலிங்கும் ஆரம்பித்து, கூடவே தினமும் எழுதி வர ஒரு பயிற்சிப் புத்தகமும் தந்தார். மூன்று வாரம் கழித்து அதை என்னிடம் காட்டினார் அந்த அம்மா. அத்தனை பக்கமும் வெள்ளை!

‘‘எழுதத் தெரியாம இல்ல டாக்டர். மருமக கையில சிக்கிட்டா?’’

நம் வீடுகளில் பிரச்னையே இதுதான். தனி அறை கிடையாது, பூட்டுப் போட்ட மேஜை கிடையாது. ‘‘வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். டாக்டரிடம் காட்டிய பிறகு கிழித்துப் போட்டாலும் தப்பில்லை’’ என்றேன். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை... அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அவர் உண்மையை எழுதவே மாட்டார்.

சரி, இதில் என்னதான் எழுதுவது? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி இது. என்ன நடந்தது, அப்போது மனசில் ஓடிய எண்ணம் என்ன, வருத்தம் நூற்றுக்கு எத்தனை என்று மூன்று கட்டம். அந்த அம்மா எழுதியதை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். ‘ராத்திரி எட்டு மணி, பெரியவன் போன் வரவில்லை. என்னை மறந்துவிட்டான். வருத்தம் 80.’ அடுத்து, இந்த எண்ணம் சரிதானா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நமக்கு இரவு எட்டு என்றால் பிரான்சில் மாலை மூன்றரையோ நான்கரையோ, வேலை நேரம்! அதை எழுதிய பிறகு வருத்தம் 50. பூஜ்யம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

எழுத ஆரம்பித்த அன்று மனம் இன்னும் கனப்பது உண்டு, பயப்படாதீர்கள். 1986-ல் உளவியல் ஆய்வாளர் பென்னிபேக்கர், மாணவர்களைத் தினம் 15 நிமிடம், நான்கு நாட்கள் மனக்காயங்களை எழுதச் சொன்னார். எழுதிய நாட்களில் அவர்கள் வாடித்தான் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. ஆனால் ஒரே குறையைத் தினமும் ஒரு மணி நேரம் எழுதி எழுதிக் கிளறுவது வேறு. அது புண்ணைச் சொறிகிற கதை. கால் மணி நேரத்தில் மூடி வைத்துவிடுங்கள்.

எழுத்து வராதவர்கள்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் மன உளைச்சலுக்கென்றே படங்கள் நிறைந்த ஒரு கையேடு வெளியிட்டது. கேட்டுச் செய்யும் ஒலிப் பயிற்சிகளும் அதோடு உண்டு. பத்து எண்ணுவதற்குள் கால் பாதத்தைத் தரையில் அழுத்தி, சுற்றியுள்ளதைப் பார்த்து, மூச்சை மெதுவாக விடுவது போன்ற எளிய பயிற்சிகளைப் பேரப்பிள்ளைகளே சொல்லித் தரலாம்.

கடையில் ஒரு புத்தகத்தை வாங்கி நாமே செய்துகொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். லேசான மனச்சோர்வுக்கு உதவலாம். அதுவும் வாரம் ஒரு முறை யாராவது உடனிருந்து பார்த்தால் பலன் கூடுகிறது. சித்த வைத்தியத்தில் பத்தியம் மாதிரி என்று வையுங்களேன். பத்தியம் இருக்கிறோம் என்று மருந்தை நிறுத்துவோமா? டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். என் சூரணத்தை நம்பியும் நிறுத்தாதீர்கள்!

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நோட்டைத் தேட வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416-ல் போன் செய்யலாம். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.