அஞ்சல்தலைகளில் சமண மரபு: சின்னங்களும் தமிழர் தொடர்பும்

முன்னுரை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தாம் இளமை முதல் திரட்டிவந்த இந்திய அஞ்சல்தலைத் தொகுப்பினை அண்மையில் எம்மிடம் காட்டினார். அதில் பாவாபுரிக் கோயிலைக் காட்டும் 1974-ஆம் ஆண்டுத் தலையொன்று பௌத்தப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது மகாவீரர் வீடுபேறடைந்த 2500-ஆம் ஆண்டின் நினைவாக வெளியிடப்பட்ட சமணத் தலையாகும்.

இப்பிழை அவருக்கு மட்டும் உரியதன்று. பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையைக் கடந்து பள்ளி செல்லும் மாணவர், தவநிலையில் அமர்ந்த திருவுருவம் எதனைக் கண்டாலும் புத்தர் என்றே கொள்கின்றனர். சைவ சமய வகுப்புகளிலோ சமணர் என்போர் திருஞானசம்பந்தரிடம் வாதில் தோற்றவராக மட்டுமே அறிமுகமாகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையில், தமிழுக்கு இலக்கணமும் காப்பியமும் அளித்த ஒரு மரபு நம் வகுப்பறையில் முகமற்றுப் போகின்றது. அஞ்சல்தலைகளைத் துணையாகக் கொண்டு சமணச் சின்னங்களையும் அவற்றின் தமிழ்த் தொடர்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சல்தலைகளில் சமணம்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி 1935-இல் வெளிவந்த இந்தியத் தலைகளுள் ஒன்றேகாலணாத் தலை கல்கத்தாவின் சமணக் கோயிலைக் காட்டுகிறது. அதே வரிசையின் ஓரணாத் தலையில் இராமேசுவரம் கோயில் இடம்பெற்றது. விடுதலைக்குப்பின் 1949-இல் வெளியான தொல்பொருள் வரிசையில் 15 ரூபாய்த் தலை, குஜராத்தின் பாலிதானாவிலுள்ள சத்ருஞ்சயக் கோயிலைத் தாங்கியது. அவ்வரிசையின் மிக உயர்ந்த மதிப்புடைய தலை அதுவே.

மேற்சுட்டிய பாவாபுரித் தலை 1974 நவம்பர் 13 அன்று வெளியிடப்பட்டது. அவ்வாண்டுத் தீபாவளி நாளும் அதுவே. மகாவீரர் வீடுபேறடைந்த நாளையே சமணர் தீபாவளியாக விளக்கேற்றிக் கொண்டாடுகின்றனர். ஆண்டுதோறும் தீபாவளிச் சந்தையால் களைகட்டும் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நிற்கும் நம் மாணவருக்கு, அத்திருநாளுக்கு இப்படியும் ஒரு பொருளுண்டு எனக் கூற இத்தலை ஒன்றே போதும்.

1981-இல் வெளியான ஒரு ரூபாய்த் தலை சிரவணபெளகொளாவின் கோமதேசுவரரைக் காட்டுகிறது. கங்கர் அமைச்சர் சாமுண்டராயர் எழுப்பிய இவ்வுருவம் ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் சிற்பமாகும். கோமதேசுவரர் எனப்படும் பாகுபலி தீர்த்தங்கரர் அல்லர். முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபரின் மகன். கால்களிலும் தோள்களிலும் கொடி படர அசையாது நின்று தவம் செய்தவர். இவ்வுருவின் அடியில் கன்னடம், மராட்டி ஆகியவற்றோடு தமிழிலும் கல்வெட்டு உள்ளது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

சின்னங்களின் பொருள்

இன்று சமணரின் பொதுச் சின்னமாக வழங்குவது 1974-75-இல் நிகழ்ந்த 2500-ஆம் ஆண்டு விழாவின்போது பல பிரிவினராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும். அதன் புறக்கோடு மூவுலகின் வடிவம். கீழேயுள்ள உள்ளங்கை அச்சமின்மையையும், செயலுக்கு முன் நின்று எண்ணுதலையும் குறிக்கும். அதன் நடுவிலுள்ள சக்கரத்துள் கொல்லாமையைக் குறிக்கும் அகிம்சை என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும்.

அதற்கு மேலுள்ளது சுவஸ்திகம். இரண்டாம் உலகப்போர் வரலாற்றைப் படித்த மாணவர் இதனைக் கண்டு திகைப்பது இயல்பு. சமணத்தில் அதன் நான்கு கைகளும் தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நால்வகைப் பிறப்பைக் குறிப்பன. ஐரோப்பாவில் அவ்வடிவம் அரசியற் குறியாவதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே இந்தியச் சமயங்களில் அது வழங்கியது. சுவஸ்திகத்தின் மேலுள்ள மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். உச்சியிலுள்ள பிறை வீடுபேற்றுலகினையும், அதன்மேற் புள்ளி விடுதலையுற்ற உயிரினையும் சுட்டும். ஆகவே இச்சின்னத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தால், கொல்லாமையில் தொடங்கிப் பிறவிச் சுழலைக் கடந்து வீடடையும் வழி புலனாகும்.

திருவுருவங்களைப் பிரித்தறியவும் குறிப்புகள் உள. தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் தனி இலாஞ்சனை உண்டு: ரிஷபருக்கு எருது, நேமிநாதருக்குச் சங்கு, பார்சுவருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம். தலைக்குமேல் முக்குடை இருப்பதும், தமிழகம் போற்றிய திகம்பர மரபில் உடையின்மையும் சமண உருவத்தைப் புத்தர் உருவத்தினின்று வேறுபடுத்தும் தெளிவான அடையாளங்களாகும்.

தமிழ்ச் சமணத்தின் இடம்

நாம் மேலே கண்ட தலைகள் வங்கம், குஜராத், பீகார், கர்நாடகம் ஆகிய பகுதிகளின் சமணத்தைக் காட்டுவன. அவற்றுள் தமிழகம் இல்லை. இதனால் சமணம் வடநாட்டார்க்கே உரியது என்னும் எண்ணம் வலுப்படக்கூடும். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் உள்ள சமணக் கோயில்கள் குஜராத்தி மக்களின் முயற்சியால் எழுந்தமையும் அவ்வெண்ணத்திற்குத் துணைசெய்கிறது.

சான்றுகள் வேறு கூறுகின்றன. மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் துறவியர்க்குப் படுக்கை அமைத்த செய்தியைத் தருகின்றன. சித்தன்னவாசல் ஓவியங்கள், கழுகுமலைப் புடைப்புச் சிற்பங்கள், போளூரை அடுத்த திருமலையில் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் ஆகியன அம்மரபின் தொடர்ச்சி. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர் இன்றும் வாழ்கின்றனர். மேல்சித்தாமூர் மடம் அவர்தம் தலைமைப் பீடமாகும்.

2006-இல் இந்திய அஞ்சல்துறை உ.வே. சாமிநாதையருக்கு வெளியிட்ட தலையையும் இவ்வரிசையில் சேர்ப்பது பொருந்தும் என்பது எம் கருத்து. 1887-இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சைவராகிய அவருக்கு விளங்காத சமயச் செய்திகளை விளக்கியவர் கும்பகோணத்துச் சமணர்களே. ஒரு சமயத்தார் போற்றிக்காத்த நூலை வேறொரு சமயத்தார் பணிந்து கேட்டுக் கற்றதன் பயனாகவே அக்காப்பியம் நமக்கு முழுமையாகக் கிட்டியது.

முடிவுரை

நினைவுத் தலைகள் பெரும்பாலும் விண்ணப்பத்தின் பயனாக எழுவன. கேட்போர் உள்ள மரபு தலையில் ஏறுகிறது. கேட்போரற்ற மரபு விடுபடுகிறது. பாடத்திட்டத்திற்கும் இது பொருந்தும் எனலாம். மேற்குறித்த ஆசிரியர் பாவாபுரித் தலையை எடுத்துத் தனித்தாளில் வைத்தபின், தாம் முப்பது ஆண்டுகள் நன்னூல் கற்பித்தும் பவணந்தி முனிவர் சமணர் என்பதை வகுப்பில் ஒருமுறையும் கூறியதில்லை என்றார். புணர்ச்சி விதியை விளக்கும் ஆசிரியர் அதனைக் கூற ஒரு நிமிடமே ஆகும். சம்பந்தர் வரலாற்றைக் கற்பிக்குமிடத்து, வாதில் எதிர்நின்றோரும் தமிழ் வளர்த்தோரே எனச் சேர்த்துரைப்பதால் சைவத்திற்குக் குறைவொன்றும் நேராது. மாணவர் தம் மொழியின் வரலாற்றை முழுமையாகப் பெறுவர்.