புல் வகுத்த எல்லை

கென்யாவின் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் மந்தைகள் கடக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. கரையில் ஆயிரக்கணக்கில் முண்டியடித்து நிற்கும். ஒன்று குதித்ததும் மற்றவையும் குதிக்கும். நீருக்குள் முதலைகள், அக்கரைப் புதரில் சிங்கங்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது இந்த வேட்டை விலங்குகள்தான் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் தானாகவே பதிந்துவிடுகிறது.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மாராவில் மூழ்கி இறக்கும் வில்டபீஸ்ட்கள் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 13 லட்சம் என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்டுவந்த மந்தையில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த உடல்களிலும் முதலைகளின் வயிற்றுக்குப் போவது சிறு பங்குதான். பெரும்பாலானவை மீனுக்கும் கழுகுக்கும் புழுவுக்கும் உணவாகின்றன. அப்படியானால் இந்த விலங்கின் பெருக்கத்தைத் தடுப்பது எது?

தடையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்கலாம். 1961-ல், இந்த மந்தை ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் இரண்டரை லட்சம் வில்டபீஸ்ட்கள் இருந்தன. ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற வேகத்தில் அவை பெருகிக்கொண்டே போனால், 2061-ல் எண்ணிக்கை 340 கோடியைத் தாண்டும். எந்த நிலமும் அதைத் தாங்காது. எங்கோ ஓரிடத்தில் பிறப்பு குறைய வேண்டும், அல்லது இறப்பு கூட வேண்டும். உயிர்களின் எண்ணிக்கையை ஆராய்கிறவர்களின் வேலை, அந்த ‘எங்கோ’ எது என்று கண்டுபிடிப்பது. செரெங்கெட்டியில் அதற்கான துப்பு புல்வெளியில் கிடைக்கவில்லை, மாட்டுப் பட்டியில் கிடைத்தது.

1887 வாக்கில் எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் நோயுற்ற மாடுகள் வந்திறங்கின. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட அவை இந்தியாவிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவை சுமந்துவந்தது மாடுகளைக் கொல்லும் தொற்றான வெக்கை நோய். அதுவரை அந்தக் கிருமியை அறியாத ஆப்பிரிக்க மாடுகளிடம் அதற்கு எதிர்ப்பு இல்லை. பத்தே ஆண்டுகளில் நோய் கண்டத்தின் தென்முனை வரை போனது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பத்தில் ஒன்பது மாடுகள் மடிந்தன. எத்தியோப்பியா பெரும்பஞ்சத்தில் விழுந்தது, மாசாய் மக்கள் வாழ்வாதாரத்தை இழந்தார்கள். குளம்பு பிளந்த காட்டு விலங்குகளையும் நோய் விடவில்லை. எருமையும் வில்டபீஸ்ட்டும் கூட்டங்கூட்டமாகச் செத்தன.

முதல் அலை ஓய்ந்த பிறகும் கிருமி அங்கேயே தங்கிவிட்டது. தாய்ப்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும் கன்றுகளுக்கு நோய் தொற்றும். ஒரு வயதை ஒட்டிய இளம் விலங்குகள் ஆண்டுதோறும் இப்படிக் கொத்துக் கொத்தாகப் போயின. பிறந்தவற்றில் பல வளர்ந்து ஈனும் வயதை எட்டாததால் மந்தை ஒரே அளவில் நின்றது. 1958-ல் பெர்ன்ஹார்ட் சிமெக், மைக்கேல் சிமெக் என்ற ஜெர்மானியத் தந்தையும் மகனும் வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து செரெங்கெட்டி விலங்குகளை எண்ணத் தொடங்கினார்கள். 1959 ஜனவரியில் அந்த விமானம் ஒரு பிணந்தின்னிக் கழுகின் மீது மோதி விழுந்ததில் மகன் இறந்துபோனார். அவர்கள் எண்ணியது நோய் பிடித்து அழுத்திவைத்திருந்த மந்தையை. செரெங்கெட்டியின் இயல்பான அளவு அதுதான் என்று அன்று யாரும் நினைத்திருக்கக் கூடும்.

அதே காலத்தில் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டுவந்தது. இந்த முயற்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. வெக்கைக்கு எதிராக ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைத்த கிருமியைத் தடுப்பு மருந்தாக்கும் முறை, 1920-களில் இமயமலைப் பகுதியின் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் உருவாக்கியது. பின்னர் கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் அதைவிடப் பாதுகாப்பான மருந்தைக் கண்டார். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை. ஆனாலும் 1960-களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட்களிடமிருந்து நோய் மறைந்தது. மாடுகள்தான் கிருமியின் இருப்பிடம் என்பதும், மாட்டைக் காத்தால் காடும் தப்பும் என்பதும் அப்போதுதான் உறுதியாயின.

பிறகு நடந்ததைப் போல் திட்டமிட்டு ஒரு சோதனை நடத்த எந்த ஆய்வகத்தாலும் முடியாது. 1977-க்குள் வில்டபீஸ்ட் எண்ணிக்கை சுமார் 13 லட்சமானது. எருமைகளும் பெருகின. அதே புல்லை மேயும் வரிக்குதிரைகள் மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சத்திலேயே நின்றன. வரிக்குதிரைக்குக் குளம்பு ஒன்றே, அதை வெக்கை நோய் தாக்குவதில்லை. மழையோ வேட்டைத் தடையோ காரணமாக இருந்திருந்தால் வரிக்குதிரையும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்பதே கிருமிக்கு எதிரான வலுவான சாட்சி.

13 லட்சத்தோடு ஏற்றம் நின்றது. இப்போது தடுத்தது யார்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனி சின்கிளேரும் தான்சானிய விஞ்ஞானி சைமன் எம்டுமாவும் செத்துக் கிடந்த விலங்குகளின் எலும்பை உடைத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தின்று வாழ்ந்த விலங்கின் மஜ்ஜை கொழுப்பு நிறைந்து வெண்மையாக, கெட்டியாக இருக்கும். பட்டினியில் உடல் கடைசியாகக் கரைக்கும் சேமிப்பு அதுதான். அதுவும் தீர்ந்தால் மஜ்ஜை கண்ணாடி போன்ற கூழாகிவிடும். நாற்பது ஆண்டுத் தரவுகளை வைத்து அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இறப்புகளில் நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் உணவுப் பற்றாக்குறை. முக்கியமாக, மழையில்லாத மாதங்களில் தலைக்கு எவ்வளவு பசும்புல் கிடைத்தது என்பதைப் பொறுத்தே இறப்பு கூடியது, குறைந்தது.

‘தலைக்கு’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளமோ காட்டுத்தீயோ கூட்டம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. பசி பார்க்கும். கூட்டம் பெருத்தால் பங்கு சுருங்கும், இறப்பு ஏறும். கூட்டம் மெலிந்தால் பிழைப்பவை கூடும். எண்ணிக்கையை ஓர் எல்லையைச் சுற்றி நிறுத்துவது இப்படி நெருக்கத்துக்கு ஏற்ப இறுகித் தளரும் காரணங்களே. மற்றவை மந்தையைக் குலைக்கலாம், நிலைநிறுத்த முடியாது. 1993-ன் கடும் வறட்சி மந்தையை 10 லட்சத்துக்கும் கீழே தள்ளியது. மழை திரும்பியதும் அது மறுபடி ஏறியது.

சிங்கத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் யாரிடம் என்பதைப் பொறுத்தது. சின்கிளேர் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு அழகான ஓர் எல்லைக்கோட்டைக் காட்டியது. சுமார் 150 கிலோவுக்குக் கீழே எடையுள்ள தாவர உண்ணிகளில் பெரும்பாலானவை வேட்டையாடப்பட்டே சாகின்றன. 18 கிலோ எடையுள்ள ஒரிபி மானுக்கு முதுமை என்பது அநேகமாக இல்லை. வளர்ந்த யானைக்கும் நீர்யானைக்கும் வேட்டைப் பயம் அநேகமாகக் கிடையாது. 1980-களில் வடக்கு செரெங்கெட்டியில் மனிதர்கள் வேட்டை விலங்குகளைக் கொன்றுகுவித்த சில ஆண்டுகளில் ஒரிபி, டோபி, இம்பாலா ஆகிய மான்கள் பெருகின, ஒட்டகச்சிவிங்கி பெருகவில்லை. வேட்டை விலங்குகள் மீண்டதும் சிறியவை மறுபடி குறைந்தன. வில்டபீஸ்ட்டுக்கு எடை மட்டுமல்ல, நடையும் காவல். குட்டிகளை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மந்தையின் பின்னால் போக சிங்கத்தால் முடியாது. பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகளும் பிறந்துவிடுவதால், அத்தனையையும் தின்று தீர்க்கும் வயிறு எந்தக் கழுதைப்புலிக்கும் இல்லை.

எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் காப்பாற்றும் வேலையை எங்கே செய்வது என்று தெரியும். கென்யாவின் லோயிட்டா சமவெளியில் தனியே வலசை போகும் இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் உண்டு. அவை மழைக்காலத்தில் மேய்ந்து கன்று ஈன்ற நிலம் கோதுமை வயலானது. 1977-ல் சுமார் 1,19,000 இருந்தவை 1997-ல் 22,000 ஆகின. அங்கே சிங்கத்தைக் கொன்றாலும் பயனில்லை, தடுப்பூசியாலும் பயனில்லை. உழவுக்குப் போன மேய்ச்சல் நிலம்தான் அவற்றின் எல்லையைக் கீழே இழுத்தது.

வெக்கை நோய் 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆகவே செரெங்கெட்டியில் கவனிக்க வேண்டியது இனி நிலமும் நீரும்தான்; வறண்ட மாதங்களில் மந்தையின் புகலிடம் மாரா ஆறு. அந்த ஆறு கென்யாவின் மாவ் காட்டில் பிறக்கிறது, அந்தக் காடு பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டுவருகிறது. 2022, 2023-ம் ஆண்டுகளில் எடுத்த செயற்கைக்கோள் படங்களைக் கணினி கொண்டு எண்ணிய ஓர் ஆய்வு, வில்டபீஸ்ட்கள் 6 லட்சத்துக்கும் குறைவு என்கிறது. மந்தை உண்மையிலேயே பாதியாகிவிட்டதா, விமானத்திலிருந்து மாதிரிப் படம் எடுத்து எண்ணிய பழைய முறை கூட்டிக் காட்டியதா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டில் எது சரி என்று அறிய, இரண்டு முறைகளாலும் ஒரே பருவத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.