வாடையும் மழையும்

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. நக்கீரரின் நெடுநல்வாடைக்குப் பின்புலமாக அமைந்தது இக்கூதிரே. இலக்கணம் வகுத்த பொழுது மாறுவதில்லை. அப்பொழுது கொணரும் மழையோ ஆண்டுக்காண்டு மாறுகின்றது. ஏன்?

விடை கடலில் இருக்கின்றது. பசிபிக் சமுத்திரத்தின் மத்திய, கிழக்குப் பகுதிகள் வழமையிலும் சூடேறுவது எல் நினோ. குளிர்வது லா நினா. இந்து சமுத்திரத்திலும் சில ஆண்டுகளில் மேற்குப் பக்கமும், சில ஆண்டுகளில் கிழக்குப் பக்கமும் கூடுதலாகச் சூடேறுகின்றன. எல் நினோவுடன் மேற்கும் சூடேறினால், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை மிகுவது வழக்கம். லா நினாவும் கிழக்கின் சூடும் சேர்ந்தால் மழை குன்றும். 2016இன் இறுதியில் அவ்வாறே நிகழ்ந்தது. குளங்கள் வற்றின; 2016/17 பெரும்போக நெற்செய்கை பெரிதும் வீழ்ச்சியுற்றது.

2025இலும் அதே அறிகுறிகள் தென்பட்டன. எனினும் நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், சில நாட்களிலேயே கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பெயர்த்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். பருவத்தின் பொதுப்போக்கு வேறு, ஒரு புயலின் போக்கு வேறு.

பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதி நீரில் மூழ்கும் என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். பருவகால முன்னறிவிப்பு விதைப்போருக்கு உதவும். ஆற்றோரத்திலும் சரிவிலும் வாழ்வோரைக் காப்பது அன்றாட எச்சரிக்கையே. மழை குறையும் என்று சொல்லப்பட்ட ஆண்டிலும் அதனைச் செவிமடுக்கத் தவறலாகாது.